வாடகை ஃபிளாட்டில் காப்பகத்து நாய், பூனையை ஃபாஸ்டர் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சென்னையில் இரண்டு படுக்கையறை வாடகை ஃபிளாட், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஏழு வயது மகள். நிரந்தரமாக வளர்க்க இப்போது வழியில்லை. ஆனால் காப்பகத்தில் இடமில்லாமல் தவிக்கும் நாய்க்குட்டியையோ பூனையையோ சில வாரம் வைத்திருந்து, தத்து கேட்டு யாராவது வந்ததும் கொடுத்துவிடலாமா, அதாவது ஃபாஸ்டர் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "நன்றாகப் பழக்கிவிட்டுத் திருப்பி அனுப்பினால் அது பாவம் இல்லையா" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான தயக்கம் அதுதான் என்று படுகிறது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் நாய், பூனை பார்க்கும் கால்நடை மருத்துவர். காப்பகங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன், வீட்டில் ஃபாஸ்டர் வைத்தும் பழக்கம் உண்டு.

பாவம் இல்லை. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் இருந்த நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளுக்கு அனுப்பி, போகும் முன்பும், வீட்டில் இருந்தபோதும், திரும்பிய பிறகும் சிறுநீரில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். 2019-இல் வெளியான ஆய்வு அது. வீட்டில் இருந்தபோது அந்த அழுத்த ஹார்மோன் இறங்கியது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே ஏறியது, அதைத் தாண்டவில்லை. வீட்டைக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியதால் நாய்கள் முன்பைவிட மோசமாகிவிடவில்லை. ஆனால் இது ஓரிரு இரவுக் கணக்கு, அதுவும் நாய்களுக்கு மட்டும். இரண்டு மாதம் உங்கள் மகளின் கட்டிலடியில் படுத்துப் பழகிய நாய்க்கோ, பூனைக்கோ இதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும்: உங்கள் வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குப் போகிற நாய் பெரும்பாலும் சில நாள் சோர்ந்திருந்துவிட்டுத் தேறிக்கொள்கிறது. நடுவில் மறுபடியும் கூண்டுக்குப் போய்வருவதுதான் அதை அசைக்கிறது. அதனால் தத்து எடுப்பவர் உங்கள் வீட்டுக்கே வந்து அழைத்துப் போகும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

ஃபாஸ்டர் என்றால் அன்பு காட்டுவது என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். அன்பு வேண்டியதுதான். ஆனால் காப்பகத்துக்கு உங்களிடமிருந்து அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது தகவல். ஒரு நாய் வீட்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பது காப்பகக்காரர்களுக்கே தெரியாது. கூண்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் குரைப்பது, வீட்டுக்கு வந்தால் இருக்கும் இடமே தெரியாமல் படுத்துக் கிடக்கும். கூண்டு மூலையில் சாதுவாக ஒடுங்கி இருப்பது, பயம் தெளிந்த பிறகு சோற்றுத் தட்டுக்கருகே யாரையும் விடாது. தத்து எடுக்க வருகிறவர் கேட்பது நாலைந்து கேள்விதான். குழந்தையோடு ஒத்துப்போகுமா? தனியாக விட்டால் குரைத்து அக்கம்பக்கத்தைக் கூட்டுமா? எங்கே ஒன்றுக்குப் போகும்? மற்ற நாய், பூனையைக் கண்டால் என்ன செய்யும்? இதற்கெல்லாம் நேர்மையான பதில் உள்ள நாய்க்கு வீடு கிடைப்பது சுலபம், கிடைத்த வீட்டில் அது நிலைப்பதும் சுலபம். ஆகவே ஒரு நோட்டு வைத்து எழுதுங்கள். நல்லதை மட்டுமல்ல, உறுமியதையும் எழுதுங்கள். "தங்கமான குட்டி" என்ற சான்றிதழால் யாருக்கும் பயனில்லை. "சாப்பிடும்போது தொட்டால் உறுமுகிறது, மற்ற நேரத்தில் மகள் காதைப் பிடித்தாலும் சும்மா இருக்கிறது" என்ற ஒரு வரி எவ்வளவோ மேல்.

அடுத்து, எதை எடுப்பது. நீங்கள் நாய்க்குட்டி என்று மனதில் வைத்திருப்பது தெரிகிறது. இருவரும் காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஆறுக்கு வரும் வீட்டில் இரண்டு மாதக் குட்டி சரிவராது. அதற்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை சாப்பாடு வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும், தனியாக விட்டால் கத்தும், கதவு மரத்தைக் கடிக்கும். கண் திறக்காத பூனைக்குட்டிகள் இன்னும் கடினம். முதல் வாரங்களில் இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை பால் புகட்ட வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கில் கொண்டு விடும், பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடர்தான். குட்டியை மல்லாத்திப் போட்டுப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவிவிட்டால்தான் சிறுநீர், மலம் போகும், தாய்ப்பூனை நக்கிவிடுவது அதற்காகத்தான். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்கு உடனே பால் கொடுக்கவும் கூடாது, முதலில் சூடேற்ற வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் சில குட்டிகள் போய்விடும். முதல் அனுபவத்திலேயே ஏழு வயதுக் குழந்தைக்கு அதைக் காட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது ஒரு வளர்ந்த பூனை. பகலில் பெரும்பகுதி தூங்கும், மண் தட்டு வைத்தால் அதில் போய்க்கொள்ளும், நடக்க அழைத்துப்போக வேண்டியதில்லை. நாய்தான் வேண்டுமென்றால் இரண்டு மூன்று வயது தாண்டிய, கருத்தடை ஆன நாட்டு நாய், அதுவும் ஒரு காலத்தில் ஏதோ வீட்டில் இருந்து கைவிடப்பட்டதாக இருந்தால் உத்தமம். விபத்தில் காலொடிந்து, ஆறு வாரம் ஓய்வு தேவைப்படும் நாய்களும் காப்பகங்களில் எப்போதும் இருக்கும். முதல்முறை எடுப்பவருக்கு இது பொருத்தமான வேலை, ஏனென்றால் முடிவுத் தேதி முன்கூட்டியே தெரிகிறது.

பிராணியை எடுக்கும் முன்பு காப்பகத்திடம் சில விஷயங்களை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற பெரிய அமைப்பும் உண்டு, ஒருவர் தன் வீட்டு மாடியிலேயே நடத்தும் சின்னக் காப்பகமும் உண்டு. நடைமுறை ஆளுக்கு ஆள் மாறும். மருந்துச் செலவு யாருடையது, நள்ளிரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவரிடம் போவது, எவ்வளவு நாள், அதற்குள் தத்து கிடைக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, இவை நான்கும் முக்கியம். கடைசியாகச் சொன்னதில்தான் சண்டை வருகிறது. "ஒரு மாதம்தான்" என்று கொடுத்துவிட்டுப் போனை எடுக்காமல் போகிறவர்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். நல்ல மனது உள்ளவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு இன்றைக்கு வந்து சேர்ந்த அடிபட்ட நாய் நேற்றுக் கொடுத்த நாயைவிட அவசரம். காப்பகத்துக்கு எட்டாத செலவு வந்தால், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு, கூட்டம் அதிகம், அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: தத்து கிடைக்காவிட்டால் தெருவில் விடும் எண்ணம் இருக்கிறதா? கருத்தடை செய்த தெருநாயை, பிடித்த அதே இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. தெருவிலேயே வளர்ந்த நாய்க்கு அது சரி. குட்டியிலிருந்து வீட்டுக்குள் வளர்ந்ததற்கு வண்டி தெரியாது, எல்லை தெரியாது, அந்தத் தெரு நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளாது. வீட்டில் வளர்த்துத் தெருவில் விடும் ஏற்பாட்டுக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள்.

வீட்டுக்காரர் விஷயம். அடுக்குமாடிச் சங்கம் செல்லப்பிராணியை அடியோடு தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அது சங்கத்துக்கு. உங்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இடையே உள்ள வாடகை ஒப்பந்தம் வேறு கதை. அதில் பிராணி கூடாது என்று இருந்தால், சட்டம் பேசாமல் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாய் என்றால் மாநகராட்சி உரிமம் வேண்டும். அது யார் பெயரில் இருக்கப்போகிறது என்பதைக் காப்பகத்திடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகவே. காப்பகத்திலிருந்து வரும் எந்தப் பிராணியும், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டு வாரம் ஒரே அறையில் தனியாக இருக்கட்டும். நாய்க்குட்டி என்றால் என் பயம் பார்வோ என்ற வைரஸ் நோய். கிருமி தொற்றிப் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழு நாளில் தெரியும், சிலவற்றில் இரண்டு வாரம்கூட ஆகும். வந்த அன்று வாலாட்டி விளையாடிய குட்டி நாலாம் நாள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும், மாலையில் வாந்தி எடுக்கும், மறுநாள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். சாப்பிடாத முதல் வேளையிலேயே மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் வாய்ப்பு சுருங்கிவிடும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் இதைவிடச் சதிகாரன். கண்ணில் பீளை, மூக்கில் சளி என்று ஜலதோஷம்போல வந்து, சில வாரம் கழித்துக் கால் துடிப்பும் வலிப்புமாகத் திரும்பி வரும். இரண்டு வாரம் தனியாக வைத்துவிட்டோம் என்பதால் டிஸ்டெம்பர் இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. பூனைக்குப் பார்வோவின் உறவுக்காரக் கிருமி ஒன்று உண்டு, அதுவும் அதே வேகத்தில் கொல்லும்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பினாயில் ஊற்றினால் எல்லாம் செத்துவிடும். பார்வோவுக்குப் பினாயிலை நம்ப முடியாது. முதலில் சோப்பு போட்டு அழுக்கைக் கழுவிவிட்டு, கடையில் விற்கும் பிளீச்சிங் திரவத்தில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். பினாயிலையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பூனை இருக்கும் வீட்டில் பினாயில், டெட்டால் இரண்டையுமே தூக்கிப் பரணில் போட்டுவிடுங்கள். அந்த வகை இரசாயனத்தைப் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாது, தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும். மாத்திரை டப்பாவிலிருந்து பாரசிட்டமால் எடுத்துக் கொடுப்பதும் அப்படித்தான். காய்ச்சல் அடிக்கிறதே என்று ஒரு மாத்திரை கொடுத்தால் பூனையைக் கொன்றேவிடும். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அதைப் பூனைக்குப் போடக்கூடாது.

ரேபிஸைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். அறிகுறி வருமுன் அது உடம்பில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பதுங்கி இருக்கும். எத்தனை நாள் தனி அறையில் வைத்தாலும் தடுப்பூசி வரலாறு தெரியாத குட்டியிடம் அது இல்லவே இல்லை என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாது. நாய்க்குட்டிக்கு மூன்று மாத வயதில்தான் ரேபிஸ் ஊசியே தொடங்குகிறோம். அதனால் ஃபாஸ்டர் எடுக்க முடிவு செய்தால், எடுக்கும் முன்பே நீங்கள் மூவரும் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்வது நல்லது, உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். பின்னால் கடிபட்டால், ஏற்கெனவே முழுதாகப் போட்டவர்களுக்கு அன்றும் மூன்றாம் நாளும் இரண்டே ஊசி, இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசி தேவையில்லை. போடாதவர்களுக்கு முழு வரிசையும் வேண்டும். பல் பட்டாலும் நகம் கீறி இரத்தம் துளிர்த்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முக்கியமாக உங்கள் மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: குட்டி கீறியதைச் சொன்னால் யாரும் திட்டமாட்டோம். திட்டுவார்கள், குட்டியை அனுப்பிவிடுவார்கள் என்று மறைக்கும் குழந்தைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

மற்றவை இவ்வளவு பயமில்லை. பூனைக்குட்டியின் காதோரம் வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், மகளின் கைக்கும் வரும், மருந்தில் போய்விடும். உண்ணிக் காய்ச்சல் சென்னை நாய்களிடம் சர்வ சாதாரணம், சோர்வும் வெளுத்த ஈறும் தெரிந்தால் இரத்தப் பரிசோதனை. கர்ப்பிணி யாராவது வீட்டுக்கு வந்துபோனால், பூனையின் மண் தட்டை வேறு ஆள் தினமும் சுத்தம் செய்தால் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பற்றிய பயம் பெரும்பாலும் தீர்ந்தது, ஏனென்றால் மலத்தில் வரும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும்.

முதல் வாரம் எப்படி இருக்கும்? காப்பக வட்டாரத்தில் 'மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டு முறை பிடிபடும், மூன்று மாதத்தில் சொந்த வீடாகும். பொறுமைக்காகச் சொல்லப்பட்டது, ஆராய்ச்சியில் வந்த கணக்கு அல்ல. நாள் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். காப்பகத்துச் சிமெண்ட் தரையில் வளர்ந்த நாய்க்கு உங்கள் டைல்ஸ் தரையே முதல் எதிரி. என் வீட்டுக்கு வந்த ஒரு பெண் நாய் வாசல் மிதியடியிலேயே நின்றுவிட்டது. முன்னங்காலை டைல்ஸில் வைத்தது, நகம் வழுக்கியதும் பின்வாங்கியது. கோணியும் பழைய பெட்ஷீட்டும் வரிசையாகப் போட்டுப் பாதை அமைத்த பிறகு, ஒவ்வொன்றாக முகர்ந்தபடி அறைவரை வந்து சேர்ந்தது. உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தது ஓடும் மின்விசிறியை, உடனே கட்டிலடியில் போய் ஒடுங்கியது. குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட் கதவு எல்லாமே அதற்குப் புதுசு. இப்படி இருக்கும்போது நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். தண்ணீர், சாப்பாடு, படுக்கை வைத்துவிட்டு, அதே அறையில் ஓரமாக உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கட்டிலடியிலிருந்து இழுத்து எடுத்துக் கொஞ்சாதீர்கள், அப்போதுதான் கடிபட வாய்ப்பு அதிகம். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். தீபாவளி வாரத்தில் புதிதாக எதையும் எடுத்து வராதீர்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு வாசல் தாண்டி ஓடும் நாய்க்குத் திரும்பி வர உங்கள் வீடு எது என்றே தெரியாது.

பூனை என்றால் ஜன்னலையும் பால்கனியையும் பாருங்கள். நம் ஊர் ஜன்னல் கம்பிகளின் இடைவெளி பூனைக்கு வாசல் மாதிரி. புறா வராமல் கட்டியிருக்கும் நைலான் வலை இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அதைப் பல்லால் கடித்து ஓட்டை போட்டுவிடும். வந்த புதிதில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் ஒளிந்திருப்பது சகஜம். இரண்டு நாளைத் தாண்டினால் சும்மா இருக்கக்கூடாது, பட்டினியே பூனையின் கல்லீரலைக் கெடுக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன். நாய் முட்டை, தயிர், கடையில் விற்கும் உலர் உணவு என்று சமாளித்துவிடும். பூனை முழுக்க மாமிசப் பிராணி. பால் சோறும் தயிர் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் மாமிசத்தில் இருக்கும் டாரின் என்ற சத்து கிடைக்காமல் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். பூனைக்கென்று தயாரித்த பாக்கெட் உணவை வாங்கினால் உங்கள் அடுப்படியும் தப்பும், பூனையும் தப்பும். நாய்க்கு வெங்காயம், திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் நான்கும் கூடாது. பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸும் அதில் சேர்த்திதான்.

மகளையும் பிராணியையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், எவ்வளவு சாதுவாக இருந்தாலும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அருகே போகக்கூடாது என்ற ஒரே விதி முதலில் போதும். நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை மணி அடிக்காமலே கடிக்கும். இதைத் தாண்டிக் கடுமையான பயமோ, பொருளைக் காக்கும் ஆவேசமோ இருந்தால் நல்ல நடத்தைப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும். மருத்துவர் என்ற முறையில் வலியோ நோயோ காரணமா என்று மட்டும் என்னால் பார்த்துச் சொல்ல முடியும்.

பிரியும்போது உங்கள் மகள் அழுவாள், அதை மருந்து கொடுத்துத் தடுக்க முடியாது. ஆனால் இது நம் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறது, இன்னொரு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். தத்து கேட்டு வருகிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இரண்டை அவளையே கேட்கச் சொல்லுங்கள். குழந்தைகள் கேட்கும் கேள்வி சில சமயம் நம்முடையதைவிடக் கூர்மையாக இருக்கும். உங்களுக்கே விட மனசு வராமல் வைத்துக்கொள்ளத் தோன்றினால், ஃபாஸ்டர் ஃபெயில் என்று எங்கள் வட்டாரத்தில் கிண்டல் செய்வார்கள், தப்பில்லை. அதன் ஆயுள் பன்னிரண்டு பதினைந்து வருஷம் என்பதை மட்டும் அன்றைய உணர்ச்சி அடங்கியபின் ஒரு வாரம் கழித்து யோசித்து முடிவெடுங்கள்.

கொடுக்கும்போது அந்த நோட்டின் நகல், தடுப்பூசி அட்டை, அது படுத்துப் பழகிய துணி, ஒரு வாரத்துக்கான அதே உணவு, இவ்வளவையும் சேர்த்துக் கொடுங்கள். துணியைத் துவைக்க வேண்டாம், பழகிய வாசனை அதில் இருக்கட்டும். ஒருவேளை வந்தது குட்டியாக இருந்து பார்வோ வந்துவிட்டால், அது பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், அடுத்த ஒரு வருஷத்துக்குத் தடுப்பூசி முடியாத குட்டி எதையும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். அந்தக் கிருமி மூலைமுடுக்கில் அவ்வளவு காலம் தாங்கும். இடைப்பட்ட நேரத்தில் தடுப்பூசி முழுதாகப் போட்ட பெரிய நாயை எடுக்கலாம், காப்பகங்களில் அவைதான் வருஷக்கணக்காகக் காத்திருக்கின்றன.